வந்துகிட்டே இருக்கிறவர்

ஏலம் முடிந்த மறுநொடி முதல் செய்தி அவரிடமிருந்துதான் வரும். "அண்ணே, ஜெயிச்சிட்டேன்!" சுக்மா போட்டியில் சிலாங்கூருக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவரைப்போல் ஒரு குரல். ஜெயித்தது என்ன? என் வீட்டுப் பழைய கிரைண்டர். 135 வெள்ளி. விலை அவ்வளவு தூரம் ஏறியதற்கும் அவரே காரணம். கேரித் தீவிலிருந்து ஓர் அக்கா ஐந்து வெள்ளி கூட்டினால் இவர் பத்து கூட்டுவார். ஏலம் நள்ளிரவில் முடிவதாக இருந்தால் நள்ளிரவுவரை கண் விழித்திருப்பார். அந்தக் கண்விழிப்போடு அவருடைய கடமை முடிந்துவிடுகிறது.

"பணம் டுயிட்நவ்ல போட்டுடுறீங்களா?"

"எதுக்கு அண்ணே? நேர்லயே வந்து கையில குடுத்துட்டு தூக்கிட்டுப் போறேன். சனிக்கிழமை கன்ஃபம். வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

இணையத்தில் பழைய சாமான் விற்பவர்களுக்கு வேறு ரகங்களும் வாய்க்கும். வணக்கம்கூடச் சொல்லாமல் "லாஸ்ட் பிரைஸ்?" என்பவர், "இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, "இருக்கு" என்றதும் காணாமல் போகிறவர், நீள அகலம் கேட்டு, படம் கேட்டு, ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, கடைசியில் "மனைவி வேணாங்கிறாங்க" என்று முடிப்பவர். இவர்களெல்லாம் நம்மை வீட்டிலேயே வைத்துக் கழுத்தறுப்பார்கள். வந்துகிட்டே இருக்கிறவர் நம்மைத் தெருவுக்கு இறக்கிவிடுவார்.

சனிக்கிழமை காலையிலேயே செய்தி வந்துவிடும். "புறப்பட்டுட்டேன் அண்ணே." கிள்ளானிலிருந்து சாலாக் செலாத்தானுக்கு. நான் கிரைண்டரைத் துடைத்து, கல்லைத் தனியாகக் கழற்றி, இரண்டு நடையாக மாடியிலிருந்து இறக்கி கார்ட் ஹவுஸ் பக்கத்தில் வைப்பேன். "அங்க பார்க்கிங் இருக்குமா அண்ணே?" என்று அடுத்த செய்தி. என் காடியை எடுத்து வெளியே ரோட்டோரம் போட்டுவிட்டு அவருக்கு இடம் பிடித்து வைப்பேன். "புக்கிட் பாடாக் தாண்டிட்டேன்." நல்லது. "ஷா ஆலம் அண்ணே." மிக நல்லது. பிறகு ஒரு மணி நேரம் பேச்சு மூச்சு இருக்காது.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"பத்து தீகா டோல்ல பயங்கர கியூ அண்ணே."

கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா டோலும் சுங்கை ராசாவ் டோலும் 2018 ஜனவரி 1ஆம் தேதியோடு எடுக்கப்பட்டுவிட்டன. நாட்டிலுள்ள அத்தனை பேருக்கும் அந்த டோல் போய்விட்டது; இவருக்கு மட்டும் இன்னும் கம்பம் தூக்கவில்லை. நான் அதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அதான் அண்ணே, டோல் இருந்த இடம். அங்கதான் ஜாம்."

அடுத்து வளைவு. "வளைவு தெரியுது அண்ணே, ரெண்டு நிமிஷம்." சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூருக்குள் நுழையும் இடத்தில் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே நிற்கிறதே, கோத்தா டாருல் ஏசான், அந்த வளைவு. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமாகச் சிலாங்கூரைவிட்டுப் பிரிந்ததன் நினைவாகக் கட்டியது. கோலாலம்பூரையே விட்டுக்கொடுத்த சிலாங்கூர், இந்த ஒரு மனிதரை மட்டும் வளைவுக்கு இந்தப் பக்கம் விட மறுக்கிறது. மத்தியானம் தெரிந்த வளைவு மாலை ஐந்து மணிக்கும் அவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இருட்டியதும் செய்திகளுக்கு ஒற்றை டிக் விழுந்தது. எதிர்வீட்டுச் சீன நண்பர் கிரைண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எஃப்எஃப்கே லா பாஸ்" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் கைவிடுவதற்கு அதுதான் பெயர். கல்லைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குரல்செய்தியில் உயிர்த்தெழுவார். "மன்னிச்சிருங்க அண்ணே, நேத்து கோமுட்டர்ல தூங்கிட்டேன். கேஎல் சென்ட்ரல்ல மாறணும்ல, மாறாம தஞ்சோங் மாலிம் போயிட்டேன்." கிள்ளான் ரயில் தஞ்சோங் மாலிம்வரை போவது உண்மைதான். ஆனால் முந்தின நாள் முழுக்க நெடுஞ்சாலையில் காடி ஓட்டிய மனிதர் ரயிலுக்குள் எப்போது ஏறினார்? பத்து தீகா கியூவில் நிற்கும்போதா?

"சரி, இன்னிக்கு வர்றேன் அண்ணே. ஸ்டேஷன்லயே குடுத்துருங்க."

சாலாக் செலாத்தான்காரர்களுக்கு இதில் உள்ள கண்ணிவெடி தெரியும். எங்களுக்கு ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள். கோமுட்டர் நிலையம் ஓரிடம், எல்ஆர்டி நிலையம் வேறிடம். கிள்ளானிலிருந்து வருகிறவர் கோமுட்டரில்தானே இறங்குவார் என்று கிரைண்டரைக் காடியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன். "ஸ்டேஷன்லதான் நிக்கிறேன், உங்களைக் காணோமே அண்ணே" என்றார். எல்ஆர்டிக்கு ஓடினேன். "ஐயோ, நான் உங்களைத் தேடி கோமுட்டருக்கு வந்துட்டேனே." இப்படி ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள் கட்டியவர்கள், வந்துகிட்டே இருக்கிறவரை மனத்தில் வைத்துத்தான் கட்டியிருக்க வேண்டும்.

ஏமாற்றுக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. என்னிடமிருந்து ஒரு காசு எடுத்ததில்லை. "அம்மா முட்டிவலி எப்படி இருக்கு அண்ணே?" என்று மறக்காமல் கேட்பார், என் தம்பி கேட்டதில்லை. பொங்கலுக்குப் பானையும் கரும்புமாக ஒரு படம் அனுப்பினார். "வந்துகிட்டே இருக்கேன்" என்று சொல்லும் அந்தக் கணத்தில் அவர் மனசாரப் புறப்பட்டுவிடுகிறார் என்றே நம்புகிறேன். உடம்புதான் கிள்ளானில் சோபாவில் தங்கிவிடுகிறது. என்றாவது நேரில் பார்த்தால் திட்டுவேனா, மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. ஏலத்தில் சுத்தியல் விழுந்ததுமே விற்பனை முடிந்தது என்கிறது 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். ஆனால் 135 வெள்ளிக்காக அதைத் தூக்கிக்கொண்டு யார் கிள்ளான் நீதிமன்றத்துக்குப் போவது? வங்கிகள் வீடு லெலோங் விடும்போது விவரமாக நடந்துகொள்கின்றன. குறைந்தபட்ச விலையில் 10 விழுக்காட்டுக்கு டிராஃப்ட் கட்டிவிட்டுத்தான் கையையே தூக்க முடியும். மீதியைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்தப் பத்து விழுக்காடு போனதுதான். அந்த மாதிரி இடத்தில் நம்மவரைப் பார்க்கவே முடியாது. டிராஃப்ட் எடுக்க வங்கிக்கு வந்துகிட்டே இருப்பார். இணைய ஏலத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். ஜெயித்த சந்தோஷம் முழுசாகக் கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் கிரைண்டர் எதற்கு?

பேர் கெட்டுவிடும் என்ற பயமாவது இருக்கக்கூடாதா என்றால், அதற்கும் வழியில்லை. 2008இல் ஈபே, வாங்குகிறவரைப் பற்றி விற்கிறவர் குறை எழுத முடியாதபடி செய்துவிட்டது. விற்கிறவர்கள் பழிக்குப் பழி எழுதினார்கள் என்பது காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் பிறகு அந்த ஏலக்கடையில் வராதவரைப் பற்றி நாம் எழுத முடிந்ததெல்லாம் பாராட்டு மட்டும்தான்.

அந்தக் கேரித் தீவு அக்காவைச் சொன்னேன். தோசை மாவு அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறவர். "அந்த ஆள் எடுக்கலன்னா எனக்குச் சொல்லுங்க தம்பி" என்று எழுதியிருந்தார். இவர் வளைவில் நிற்கிறாரே என்று, "வித்துப்போச்சு அக்கா" என்றேன். கடைசியில் நான் அவரைத் தேடிப் போனபோது, மாசக் கட்டணத்தில் புதுசு எடுத்துவிட்டார். பல மாதங்கள் கட்ட வேண்டுமாம். வேண்டாத சாமானுக்கு விலையை ஏற்றிவிட்டு, வேண்டியவரைத் துரத்திவிட்டு, அந்த மனிதர் சுகமாகத் தூங்குகிறார். அவருடைய பொங்கல் வாழ்த்தை நினைத்துக்கூட இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே அடுத்ததாக மடக்குக் கட்டிலை ஏலத்தில் போட்டபோது, ஜெயிக்கிறவர் உடனே 20 வெள்ளி முன்பணம் போட வேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதினேன். ஜெயித்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

"நம்ம ஆளுங்களையே நம்ப மாட்டீங்களா அண்ணே?"

"கணக்கு நம்பர் அனுப்பியிருக்கேன். போடுங்க."

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. என் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டு, நான் மோசடிக்காரனா என்று சோதித்துப் பார்த்தாராம்.

"உங்க மேல ஒரு ரிப்போர்ட்டும் இல்ல அண்ணே, க்ளீன். இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல பாருங்க. காசு போட்டுகிட்டே இருக்கேன், பேங்க் ஆப் அப்டேட் ஆகுது. ரெண்டு நிமிஷம்."