ஆவடி மார்க்கமாகச் செல்லும் ரசிகர்

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போவது மிருதங்க வித்வானை அவமதிப்பதாம். போன வாரம் டி.டி.கே. சாலை சபா ஒன்றில், பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்த உபதேசத்தைக் கேட்டுக்கொண்டேன். சொன்னவன் என் சித்தப்பா மகன். நியூ ஜெர்சிவாசி. டிசம்பர் 15 ஆனால் லஸ் பக்கம் வாடகைக்கு ஃபிளாட் எடுத்து, ஜனவரி 1 வரை சபா சபாவாக நடந்தே போய் வருகிறவன். "அண்ணா, அங்கேல்லாம் ஒருத்தர்கூட எழுந்திருக்க மாட்டாங்க" என்றான். அந்த 'அங்கேல்லாம்' இன்னும் காதில் தம்புரா மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊரே எழுந்திருக்கிறது. நீங்களும் எழுந்தவர்தான், மறுக்காதீர்கள். ஆனால் நீங்கள் எழுந்தது போண்டாவுக்காக. நான் எழுந்தது ஆவடி லோக்கலுக்காக. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. மார்கழி சீசனைச் சீர்திருத்த என்னிடம் உருப்படியான யோசனை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். அதற்கு முன் இந்தத் தனி விஷயத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

ஆவடிக்காரன் கச்சேரி கேட்கிற முறையே வேறு. எனக்கு ராகம் தெரியாது, ராகம் முடிகிற நேரம் தெரியும். ஏழு மணிக் கச்சேரியில் பாடகர் எட்டு மணிக்குத் தோடியைத் தொட்டாரானால், அக்கம்பக்கத்தில் "ஆஹா" என்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். தோடி ஆலாபனை, பிறகு வயலின், கீர்த்தனை, நிரவல், ஸ்வரம் என்று போனால் தனி வருவதற்குள் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஒரு வண்டி போய்விடும். தாளம் இரண்டு களை ஆதி என்றால் அடுத்த வண்டியும் போய்விடும். மிஸ்ர சாபு என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. மேடையில் மிருதங்கம் மட்டுமா, கடமும் இருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே எண்ணிவிடுவேன். கஞ்சிராவும் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு ஆட்டோவுக்குப் பணம் இருக்கிறதா என்று பர்ஸைத் தடவிக்கொள்வேன். மூவரும் மாறி மாறி வாசித்து, குறைப்பில் இறங்கி, மோரா வைத்து, கோர்வையை மும்முறை முடிக்கும் வரை ரசிக்க வேண்டியதுதான். யார் இல்லை என்றது? ரசித்துவிட்டு வெளியே வந்து, ஆட்டோக்காரரோடு ஒரு ராகமாலிகை பாடி, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, திருவள்ளூர் வண்டியோ அரக்கோணம் வண்டியோ நிற்கிற எதிலாவது தொற்றிக்கொள்ள வேண்டும். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்பார்கள். எவ்வளவு நேரம் என்பது முழுக்க மனோதர்மம். பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், அண்ணனூர் எல்லாம் தாண்டி ஆவடி வருவதற்குள் வீட்டில் பால் தயிராகி, மோராகி, நான் சாப்பிடாமலேயே படுக்கிற கட்டம் வந்துவிடும்.

இப்படிக் கேட்டே பழகியதால், என்னைப் பொறுத்தவரை கச்சேரி என்பது முடிவதே கிடையாது. துக்கடா பாடுவார்கள், விருத்தம் பாடுவார்கள், பிறகு மங்களம் உண்டு என்று பேப்பரில் படித்திருக்கிறேன். இந்தக் கச்சேரி பத்ததியை வகுத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்கிறார்கள். மகா மேதை. ஆனால் அவர் ஆவடியில் ஒரு வருஷம் குடியிருந்திருந்தால் தனியைத் தூக்கி வர்ணத்துக்கு முன்னால் வைத்திருப்பார். சபாவில் விளக்கு போடுவதற்குள் வேண்டியவர்கள் போண்டா தின்றுவிட்டு வந்திருக்கலாம்.

கோபம் தனிமீது அல்ல, தூரத்தின்மீதும் அல்ல. "மெட்ராஸ்லயே இருக்கீங்க, குடுத்து வச்சவங்க" என்கிறார்களே, அதன்மீது. 1927இல் மதராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. கூடவே சங்கீத மாநாடும் நடந்து, அதிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது. 1955இல் காங்கிரஸ் மாநாடு ஆவடிக்கே வந்தது. எங்களுக்குக் கிடைத்தது சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம். பிறகு டாங்கி தொழிற்சாலை. மேற்கே பூந்தமல்லிக்காரருக்காவது கலங்கரை விளக்கம் வரை மெட்ரோ தடம் போட்டிருக்கிறார்கள். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலேயே ஸ்டேஷன். எங்கள் பக்கம் மார்கழி என்றால் விடியற்காலை நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கர். நடுராத்திரி வீடு திரும்பிய ரசிகனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியூர்க்காரர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஒஹையோவில் கிளீவ்லண்டு தியாகராஜ ஆராதனையை 1978இல் ஆரம்பித்து இன்றுவரை விடாமல் நடத்துகிறார்கள். இங்கிருந்து பெரிய வித்வான்களெல்லாம் விமானம் ஏறிப் போய்ப் பாடுகிறார்கள். அதை நிறுவியவர்களில் ஒருவரை இங்கே கிளீவ்லண்டு சுந்தரம் என்றே சொல்கிறார்கள். அரியக்குடி, செம்மங்குடி, மகாராஜபுரம் என்ற வரிசையில் கிளீவ்லண்டும் சேர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பட்டரவாக்கம் சேரவில்லை. சேரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

மறுநாள் கேன்டீன் வரிசையில் தம்பியிடம் கிளீவ்லண்டு பற்றித்தான் கேட்டேன். தனிக்கு யாருமே எழுந்திருக்காத அந்தப் புண்ணிய பூமி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

"நான் போனதில்லண்ணா" என்றான்.

"ஒரு தடவைகூடவா?"

"ரொம்ப தூரம்ணா. எட்டு மணி நேரம் கார் ஓட்டணும். கச்சேரி கேட்டுட்டு ராத்திரி எப்படித் திரும்பறது?"

அடை வந்தது. அவியல் தீர்ந்துவிட்டது என்றார்கள். தம்பி அடையை வெறும் வெல்லத்தோடு தின்றபடி, நாளைக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரலாமா என்று விசாரித்தான். ஆவடி இங்கிருந்து கிட்டத்தானே என்றும் கேட்டான்.

"கிட்டத்தான். கச்சேரி முழுக்க இருந்து, மங்களம் கேட்டுட்டு நிதானமா கிளம்பி வா" என்றேன்.