தனிப்பயணியும் அவருடைய படப்பிடிப்புக் குழுவும்

டிசம்பர் இறுதியிலோ ஜனவரியின் முதற்பாதியிலோ ஒரே ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு டெல்லியைப் பார்த்து முடித்துவிடும் எண்ணத்தோடு தென்னாட்டிலிருந்து வந்திறங்கும் தனிப்பயணி, தமக்குத் துணை என்று எவரும் வேண்டியதில்லை என்பதை விமானம் ஏறுமுன்பே உற்றார் அனைவருக்கும் அறிவித்துவிட்டவர். ஆயினும் காலை ஏழரைக்கும் இரவு எட்டுக்கும் இடையில் அவர் பணிக்கு அமர்த்திக்கொள்ளும் அந்நியரின் தொகை, நடுத்தரமான ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவோரின் தொகைக்குக் குறைவதில்லை. அப்பணியும் ஒன்றே ஒன்றுதான்: பின்னால் ஏதேனும் ஒரு நினைவுச்சின்னம் தெரியும்படி அவரை அவருடைய கைப்பேசியிலேயே படம் எடுத்துத் தருவது.

செல்ஃபி, அதாவது கையை நீட்டித் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் படம், அவருடைய தகுதிக்கு ஒவ்வாதது. அதில் முகமே முக்கால் பங்கைப் பிடித்துக்கொள்வதால், ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த செங்கோட்டைக்குக் காது மடலுக்கும் தோளுக்கும் நடுவே கிடக்கும் இடந்தான் மிஞ்சுகிறது. முக்காலி எனப்படும் கேமராத் தாங்கியைக் கொண்டுவரலாமென்றால், தொல்லியல் துறையின் காவலில் உள்ள சின்னங்களில் அதற்கு முன்னனுமதி பெற வேண்டும். கைப்பேசியை ஒரு மதில்மேல் சாய்த்து வைத்து, பத்து வினாடி கழித்துத் தானாகவே படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாமே என்று கேட்டால், இந்த ஊரை நம்பிப் பொருளைப் பத்து வினாடி விட்டுவைப்பதா என்று திடுக்கிடுவார். திடுக்கிட்ட கையோடு, ஐந்து வினாடிக்கு முன்னர்தான் முதன்முதலாக முகம் பார்த்த ஒருவரிடம் அதே பொருளைத் திறவுச்சொல்லையும் நீக்கிக் கொடுத்துவிட்டு, இருபதடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நிற்பார்.

நாளின் தொடக்கம் பெரும்பாலும் குதுப் மினாரில் அமைகிறது. டெல்லியின் மூடுபனி என்பது, மேகமற்ற நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நுண்துளிகளாக மாற, கலைப்பதற்குரிய காற்றும் வீசாமையால் வெயில் ஏறும்வரை கிடந்த இடத்திலேயே கிடப்பது. கூட்டம் சேருமுன் படமெடுத்துவிட வேண்டும் என்று விடியலில் வந்து சேர்பவருக்குக் கூட்டமும் இருப்பதில்லை, மினாரும் இருப்பதில்லை. இருந்தும் அவர் பின்வாங்குவதில்லை. வெண்மையான ஒரு வெளியின் முன் நின்றுகொண்டு, "கட்டடம் முழுசா வருதா?" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் வினவ, கைப்பேசியைப் பிடித்திருப்பவர், "எந்தக் கட்டடம்?" என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறார்.

பனி விலகிய பிறகு தொடங்குவது வடிவியல் சிக்கல். ஐந்தரை அடி மனிதரும் 72.5 மீட்டர் கோபுரமும் ஒரே சட்டகத்துள் தலை முதல் கால்வரை அடங்க வேண்டுமானால், எடுப்பவர் வெகுதூரம் பின்னே போக வேண்டும். அல்லது கைப்பேசியைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். முன்னதில் தம் உருவம் சிறுத்துவிடும், கைப்பேசியும் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் போய்விடும் என்ற இரு காரணங்களால் தனிப்பயணி எப்போதும் பின்னதையே பரிந்துரைக்கிறார். அதன் விளைவாக, பேரப்பிள்ளைகளோடு வந்த பெரியவர் ஒருவர் பனியில் நனைந்த புல்தரையில் மண்டியிட நேர்கிறது. அதே வளாகத்தில் உள்ள குப்தர் கால இரும்புத்தூணுக்கு முதுகைக் கொடுத்து, கைகளைப் பின்னால் வளைத்து விரல் கோத்துவிட்டால் நல்லூழ் வாய்க்கும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்துவந்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் பெரிதாகத் துருவேறாத தூணைச் சுற்றுலாப் பயணிகளின் தழுவலிலிருந்து காக்க 1997இல் வேலி போட்டார்கள். வேலிக்கு இப்பால் நின்றபடியே தூண் தம் இரு கைகளுக்குள் அகப்பட்டதுபோலத் தோன்றும் கோணம் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. அக்கோணம் கிடைக்கும்வரை ஒரு கல்லூரி மாணவர் இடப்புறம் ஓரடியும் வலப்புறம் அரையடியுமாக நகர்ந்துகொண்டே இருப்பார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவர் காட்டும் நுட்பம் தனியே ஆராயத்தக்கது. கழுத்தில் பெரிய கேமரா தொங்கவிட்டவரைக் கண்டதும் முதலில் மகிழ்பவர், பின்னர் அவரை அஞ்சவும் கற்றுக்கொள்கிறார். ஏனெனில் அத்தகையோர் கலையுணர்ச்சி மேலிட்டு, பயணியைச் சட்டகத்தின் மூலையில் ஒதுக்கிவிட்டு வளைவின்மேல் விழும் ஒளியை எடுத்துத் தருவர். புதுமணத் தம்பதியர் நன்றாகவே எடுப்பர். ஆனால் பதிலுக்குத் தம்மையும் எடுக்கச் சொல்வர், அதுவும் பலமுறை சொல்வர் என்பதால் அவசரத்துக்கு மட்டும் கொள்ளத்தக்கவர். பள்ளிச் சுற்றுலாவில் வந்த சிறுவர்களிடம் ஒருமுறை கொடுத்துத் திரும்பப் பெற்ற கைப்பேசியில் அச்சிறுவர்களின் படங்களே நிறைந்திருக்கும். குடும்பத் தலைவர்கள் கால்களை வெட்டுவர். எடுத்து முடித்ததும் படத்தைச் சரிபார்க்காமல், "சூப்பர்" என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டுப் போவர். எல்லாச் சோதனைகளையும் கடந்து அவர் இறுதியில் வந்தடைவது வெளிநாட்டுப் பயணியிடம். கைப்பேசியோடு ஓடிவிட மாட்டார் என்பதைத் தவிர இத்தேர்வுக்கு வேறு நியாயம் எதுவும் புலப்படவில்லை.

அமர்த்தப்பட்டவருக்குத் தரப்படும் அறிவுரைகளுள் மிகக் கடினமானது, படம் எடுக்கப்படுவதை அறியாதவர்போலப் பயணி தோன்ற வேண்டும் என்பது. அதற்காக அவர் தொலைவில் எதையோ நோக்கி நிற்பார். எடுக்க வந்தவரோ அவர் எப்போது இப்பக்கம் திரும்புவார் என்று காத்து நிற்பார். இருவரும் இவ்வாறு நிற்கும் நேரத்தில் ஜாமா மசூதியின் படிகளை ஏறி இறங்கிவிடலாம்.

ஒவ்வோரிடத்திலும் இரண்டு படங்கள் வேண்டும் என்பது உதவுவோருக்கு விளங்குவதே இல்லை. ஒன்று உலகத்துக்கு, அதில் தலைமுடி காற்றில் அலைய வேண்டும், ஸ்வெட்டரின் பொத்தான்கள் திறந்திருக்க வேண்டும். மற்றொன்று அம்மாவுக்கு; அதில் கண்ணும் மூக்கும் தவிர அனைத்தையும் மறைக்கும் குரங்குக் குல்லாவும், அதற்குமேல் மஃப்ளரும், வாங்கியதிலிருந்து மகன் அணிந்ததே இல்லையென்று ஐயத்துக்குள்ளான கையுறையும் தெளிவாகத் தெரிய வேண்டும். முதற்படம் முடிந்ததும் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அணிந்துகொண்டு அதே இடத்தில் அதே மனிதர் மறுபடி வந்து நிற்பதைக் காணும் அந்நியர், தாம் ஏதோ குற்றத்துக்கு உடந்தையாகிறோமோ என்றுகூட அஞ்சுவதுண்டு. சில நிமிடங்களில் ஊரிலிருந்து மறுமொழி வரும்: "இடது காது தெரியுதே, இழுத்து மூடு. சாப்ட்டியா?" அவர் உடனே இழுத்து மூடிக்கொள்வார். அந்த ஒரு நொடியில், படமெடுப்பதற்கு யாருமில்லாத நேரத்திலும் அவர் சொன்னதைச் செய்பவராக இருக்கிறார் என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது.

உணவுக்காக அவர் சாந்தினி சௌக்கை அடைகிறார். தௌலத் கி சாட் என்பது, பாலை விடியலுக்கு முன்னரே குளிரில் வைத்துக் கடைந்து நுரையாகத் திரட்டி, குங்குமப்பூவும் கோவாவும் பூரா எனப்படும் பொடித்த சர்க்கரையும் தூவித் தரும் இனிப்பு. குளிர்காலத்தில் மட்டுமே கிடைப்பது, சூடு பட்டால் அமுங்கிவிடுவது. வாங்கியவுடன் வாயிலிட வேண்டிய இப்பண்டத்தை அவர் நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு, பின்னால் வரிசை காத்திருப்பதைப் பொருட்படுத்தாமல், விற்பவரிடமே கைப்பேசியை நீட்டுகிறார். மூன்றாம் படத்துக்குள் நுரை தொன்னையின் அடிக்குப் போயிருக்கும். அடுத்தது பராந்தே வாலி கலி; 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பராத்தாக் கடைகளுக்குப் பெயர்பெற்ற இக்குறுகிய சந்தில், மாவினுள் உருளைக்கிழங்கோ காலிஃபிளவரோ முள்ளங்கியோ வைத்து இரும்பு வாணலியில் நெய்விட்டுப் பொரித்து, பூசணிக்காய்க் கறியோடு பரிமாறுவர். இடநெருக்கடியால் முன்பின் அறியாதவர் ஒரே மேசையில் எதிரெதிரே அமர வேண்டியிருப்பதைத் தனிப்பயணி பெரும்பேறாகக் கருதுகிறார். எதிரே இருப்பவர் நெய் வழியும் வலக்கையைக் காட்டி மறுத்தாலும், "பரவாயில்லை, பய்யா" என்பார்; பய்யா என்பது அண்ணனைக் குறிக்கும் இந்தி விளி, அவருடைய இந்தியில் பாதி. அன்று பிற்பகல் எடுத்த படங்களிலெல்லாம் ஒரு மென்மையான மங்கல் படர்ந்திருப்பதற்கு டெல்லியின் மூடுபனியே காரணம் என்று அவர் பின்னாளில் விளக்குவார்.

அரைமணிக்கு ஒருமுறை நிகழ்ச்சிநிரலைத் திருத்துவது, ஆட்டோக் கட்டணத்தைச் சென்னையோடு ஒப்பிட்டுப் பெருமூச்செறிவது முதலிய பிற வழக்கங்கள் எல்லாப் பயணிக்கும் பொதுவானவை.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. குளிர்காலத்தில் டெல்லியின் சூரியன் மாலை ஐந்தரை மணியை ஒட்டியே மறைந்துவிடுகிறது. 1570ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடித்த ஹுமாயூன் கல்லறையின் செந்நிறக் கல்லில் மாலை வெயில் படும் நேரம் மிகக் குறைவு. அதைப் பார்ப்பதற்கென்றே தொலைவிலிருந்து வந்து அமைதியாக ஒரு திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கும் அது ஒரே நாள்தான், அவரும் சீட்டு வாங்கியவர்தான். அவரை எழுப்பி, நிறுத்தி, நகர்த்தி, எடுத்தது சரியில்லை என்று முகஞ்சுளித்து, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று அந்த ஒளி தீரும்வரை வேலை வாங்குவது உதவி கேட்பதாகாது. இவ்வளவும் செய்துவிட்டு, இரவு அறைக்குத் திரும்பியதும் அப்படத்தின் கீழே, தாமும் இந்நகரமும் மட்டுமே என்றும், தனிமையே தமக்குச் சிறந்த தோழமை என்றும் எழுதி வெளியிடுகிறார். எடுத்துக்கொடுத்தவரின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்கமாட்டார்.

இவருக்கு ஈடுகொடுக்கக் கூடியவர் மற்றொரு தனிப்பயணி மட்டுமே. லட்யன்ஸ் வடிவமைத்து 1931இல் திறக்கப்பட்ட, 42 மீட்டர் உயரமுள்ள இந்தியா கேட்டின் முன்னால், விளக்கேற்றப்படும் அந்தி வேளையில் இத்தகைய இருவர் சந்திப்பது அரிதன்று. வானத்தின் நீலம் இன்னும் சில நிமிடங்களே நிற்கும் என்பதை இருவரும் அறிந்திருப்பதால், "முதலில் நீங்கள்" என்ற மரியாதையை இருவருமே தவிர்க்கின்றனர். இறுதியில் இளையவர் விட்டுக்கொடுத்து, மூத்தவரை நின்றும் நடந்தும் திரும்பியும் குல்லாவோடும் குல்லா இல்லாமலும் எடுத்து முடிப்பதற்குள் வானம் கறுத்துவிடும். தம் முறை வந்ததும் மூத்தவர் ஒரே ஒருமுறை விரலால் தொட்டு, "சூப்பர்" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெட்ரோ நிலையத்தை நோக்கி நடக்கிறார். இளையவர் திரையைத் திறந்து பார்க்கையில், அதில் இந்தியா கேட் முழுவதும் பதிவாகியிருக்கும், இளையவரின் தலை மட்டும் இருக்காது.