சண்டைக்காரச் சகோதரிகள்

கேள்வி: ‘லிட்டில் விமன்’ நாவலில் அக்கா தங்கைகள் ஓயாமல் மோதுகிறார்களே, அதைப் பாசக் கதை என்கிறீர்களே?

பதில்: சண்டையே போடாத அக்கா தங்கையா? அப்படியென்றால் ஒருத்தி வெளியூரில் இருப்பாள்! நாடகத்துக்கு அழைத்துப் போகவில்லை என்ற கோபத்தில், அக்கா ஜோ பல வருடம் பாடுபட்டு எழுதிய கதைகளைத் தங்கை ஏமி எரித்துவிடுகிறாள். மன்னிக்கவே மாட்டேன் என்கிறாள் ஜோ. மறுநாளே ஆற்றுப் பனி உடைந்து ஏமி தண்ணீரில் விழ, பதறித் துடிப்பவளும் அவள்தான்.

1868இல் இந்த நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட்டும் நான்கு சகோதரிகளில் ஒருவர். 1858இல் இறந்த தங்கை எலிசபெத்தே நாவலில் வரும் இன்னொரு சகோதரி பெத். இழப்பின் வலி தெரிந்தவர் என்பதால்தான், சண்டையையும் அவரால் இத்தனை பிரியமாக எழுத முடிந்தது. கோபத்தில் கதவைச் சாத்தலாம். தாழ்ப்பாள் மட்டும் போடக் கூடாது. அதுதான் உடன்பிறப்பு!