டெலிகேட்டார்

கொரியாவோ கொலம்பியாவோ கோடம்பாக்கமோ, சர்வதேச இசைச் சந்தைக்கு முதல் தடவை வந்திருப்பவரை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். கழுத்தில் அட்டை தொங்கும். எல்லோருக்கும்தான் தொங்குகிறது. இவர் அதைக் காலைச் சிற்றுண்டிக்கும் மாட்டிக்கொண்டு போயிருப்பார். பெயருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு துளி தக்காளி சாஸ் காய்ந்திருக்கும். முதுகுப் பையில் விசிட்டிங் கார்டு ஒரு கட்டு, பென் டிரைவ் ஒரு கொத்து, யார் வீட்டிலும் போட்டுக் கேட்க வழியில்லாத இந்தக் காலத்திலும் சி.டி. ஒரு மூட்டை. இவரை மரியாதையாக டெலிகேட்டார் என்போம்.

வோமெக்ஸ் என்று ஒரு சந்தை. 1994இல் பெர்லினில் தொடங்கியது. இப்போது அக்டோபர் கடைசியில் ஐரோப்பாவின் ஏதாவது ஓர் ஊரில் கூடுகிறது. 2024இல் மான்செஸ்டர், 2025இல் பின்லாந்தின் தம்பேரே. புதன் தொடங்கி ஞாயிறு வரை. பகலில் கடையும் கருத்தரங்கும், இரவில் கச்சேரி. 2,000 பேருக்கு மேல் வருகிறார்கள் என்று படித்த அன்றே டெலிகேட்டார் கணக்குப் போட்டுவிட்டார்: நூற்றுக்கு ஒருவர் கூப்பிட்டால்கூட இருபது கச்சேரி. வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப்போல விற்க வந்தவர்கள் என்பது வியாழன் மதியம்தான் தெரியவரும்.

"நீங்கள் எந்த விழா நடத்துகிறீர்கள்?"

"நான் ஒரு குழுவுக்கு மேனேஜர். நீங்கள்?"

"நானும் மேனேஜர்தான்."

இருவரும் துக்கம் விசாரித்ததுபோல் தலையசைத்து, பென் டிரைவை மாற்றிக்கொண்டு பிரிவார்கள்.

மான்செஸ்டரில் சந்தை நடந்த மண்டபம் ஒரு காலத்தில் ரயில் நிலையம். 1880இல் திறந்தார்கள், 1969இல் மூடினார்கள். ரயில் நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. டெலிகேட்டார் கால் மணிக்கு ஒருவரென்று சந்திப்பு வைத்திருந்தார். பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து மெயில் போட்டதில் பதில் எழுதிய நாலைந்து பேரும் சொன்னது ஒன்றேதான்: "பாரில் பார்க்கலாம்." தட்டிக்கழிக்கிறார்கள் என்று எண்ணி, டெலிகேட்டார் கருத்தரங்கில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். தட்டிக்கழிக்கவில்லை ஐயா, வியாபாரமே அங்கேதான்! சாயங்காலமானால் நாட்டுக்கு நாடு அரங்கு போட்டிருப்பவர்கள் அவரவர் ஊர் மதுவும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைக்கிறார்கள். இசை ஏற்றுமதிக்கென்றே அலுவலகம் வைத்திருக்கும் நாடுகள் பல உண்டு; சில இடங்களில் செலவு அரசாங்கத்துடையது. ஒப்பந்தம் அந்தக் கோப்பைகளுக்கு நடுவில்தான் முளைக்கும்.

இரவுக் கச்சேரிக்கு ஷோகேஸ் என்று பெயர். ஏழு பேர் கொண்ட நடுவர் குழு தேர்ந்தெடுக்கிறது. அவர்களை '7 சாமுராய்' என்றே அழைக்கிறார்கள். முக்கால் மணி நேரம் வாசிக்கலாம். சன்மானம் கிடையாது, விமான டிக்கெட்டும் அவரவர் பாடு. டிசம்பர் சீசனில் பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி நாற்காலிகளுக்குப் பாடிப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய எதுவும் இல்லை. டெலிகேட்டாரின் அதிர்ச்சி வேறு. சந்தைக்குப் பழகியவர்கள் பத்து நிமிடம் கேட்டுவிட்டு அடுத்த மேடைக்கு நடையைக் கட்டுகிறார்கள். இவர் கடைசிவரை உட்கார்ந்து கை வலிக்கத் தட்டுவார். வெளியே போகிறவர்களை முறைப்பார். வெள்ளிக்கிழமை இவரும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். அதே வெள்ளியில்தான் எதிரே வருபவரின் முகத்தை விட்டுவிட்டு நெஞ்சிலுள்ள அட்டையைப் பார்த்துப் புன்னகைக்கவும் கற்றுக்கொள்கிறார்.

ஒருவழியாக விழா நடத்துகிற நிஜ மனிதர் ஒருவர் கிடைத்தார். வீடியோவைப் பார்த்தார், கால் தாளம் போட்டது. டெலிகேட்டார் நம் கோடம்பாக்கத்துக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

"குழுவில் எத்தனை பேர்?"

"பதினாலு."

கால் நின்றுவிட்டது. பதினாலு விமான டிக்கெட், பதினாலு விசா, ஏழு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பறைக்கும் தவிலுக்கும் லக்கேஜ் கட்டணம். "குறைக்க முடியுமா?" என்று அவர் மென்மையாகத்தான் கேட்டார். அன்றிரவு டெலிகேட்டார் ஓட்டல் காகிதத்தில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார். பறை நாலா, ரெண்டு போதாதா? இரண்டாவது தவில் எதற்கு? விடியும்போது குழுவில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது: "அதே வாரம் பக்கத்து நாட்டில் உங்களுக்குக் கச்சேரி உண்டா?" ஒரே ஒரு மேடைக்காக யாரும் சென்னையிலிருந்து ஆளை இறக்குவதில்லை. இரண்டு மூன்று விழாக்காரர்கள் டிக்கெட் செலவைப் பங்குபோட்டால்தான் கட்டுப்படியாகும். டெலிகேட்டாரின் மூளை பளிச்சிட்டது. பெல்ஜிய விழாக்காரர் ஒருவரிடம் போய், "டச்சு விழாக்காரர் ஏறக்குறையச் சரி சொல்லிவிட்டார்" என்றார். டச்சுக்காரரிடம் போய், "பெல்ஜியம் முடிந்த மாதிரிதான்" என்றார். இரண்டும் பொய் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே சொன்ன உண்மை.

சனிக்கிழமை இரவு பாருக்குள் நுழைந்தால் மூலை மேசையில் பெல்ஜியமும் டச்சும் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பல வருஷச் சிநேகிதம். ஊருக்கு ஊர், விழாவுக்கு விழா, இவர்கள் இப்படித்தான் சேர்ந்து குடித்துச் சேர்ந்து ஆளைப் பிடிக்கிறார்கள். டெலிகேட்டார் திரும்பி நடக்கப் பார்த்தார். "வாங்க, வாங்க, நாங்கள் ரெண்டு பேரும் உங்களுக்குச் சரி சொல்லிவிட்டோமாமே!" என்று பெல்ஜியம் நாற்காலியை இழுத்துப் போட்டது. சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு டச்சுக்காரர் சொன்னார்: "ஆறு பேர் என்றால் பேசலாம். மேனேஜரையும் சேர்த்து."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மீதியைக் குழுவின் வாட்ஸப்பில் போட்டார் டெலிகேட்டார். பதினாலு பேரும் பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது. வெகு நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் இரண்டாவது தவிலிடமிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அண்ணே, அந்த ஆறுல நீங்களும் ஒருத்தரா?"