பிள்ளை வெளுக்க வேண்டுமா?

நெய்யூரில் ஒரு பெண்பிள்ளையைச் சோகை பிடிக்க வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முற்றத்தில் முருங்கை நிற்கிறது. குளச்சல் சாளையும் நெத்தோலியும் கூப்பிடு தூரத்தில். கருப்பட்டி, சிறுபயறு, நெல்லிக்காய் எதற்கும் பஞ்சமில்லை. போதாததற்கு 1838-லேயே மிஷன் ஆஸ்பத்திரி வந்த ஊர். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் கத்தி பிடித்த ஊர். இத்தனை இடைஞ்சலையும் தாண்டித்தான் நாம் ஜெயிக்க வேண்டும்.

காலையில் தொடங்குங்கள். அஞ்சாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் காலை உணவு போட்டுக் காரியத்தைக் கெடுப்பார்கள். ஆறாம் வகுப்பில் பிள்ளை நம் கைக்குத் திரும்பிவிடும். ஒரு கட்டஞ்சாயா, ரெண்டு பிஸ்கட், "பஸ் போயிரும், ஓடு மக்களே." உடம்பு நீளுகிற வயது அதுதான் என்பது நமக்கு வசதி. மத்தியானம் பள்ளியில் முட்டை போடுவார்களே என்று பயப்பட வேண்டாம். சத்துணவுக்குத் தட்டேந்தினால் குடும்பக் கௌரவம் என்னாவது என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும்.

ராத்திரிக்கு மரச்சீனி. விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிவிட்ட கிழங்கு. வயிறு திம்மென்று நிறையும், நூறு கிராமில் புரதம் ஒரு கிராம் சொச்சம்தான். ஆனால் பக்கத்தில் மீன் வந்தால் ஆபத்து. அதனால் விளம்புகிற முறை முக்கியம்: நடுத்துண்டு அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு, பிள்ளைக்குச் சட்டியில் ஒட்டிய சாறு. 'அவன் ஆம்பிளை, வளருத பய' என்பதே காரணமாகப் போதும். ஐ.சி.எம்.ஆர் 2020-இல் போட்ட கணக்கை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 22 மில்லிகிராம் இரும்பு, பெண்ணுக்கு 30 என்கிறது அது. யாராவது வாசித்துவிட்டால் துண்டு இடம் மாறிவிடும்.

சாப்பிட்ட கையோடு மறுபடி சாயா கொடுங்கள். கீரையிலிருக்கிற இரும்பு உடம்பில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் நேர்மாறு, கிட்டவே சேர்க்கக் கூடாது.

சடங்கு வீடுதான் பெரிய கண்டம். மாமியும் சித்தியும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று படையெடுத்து வருவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸ் கிழியுமுன் எல்லாம் ஓய்ந்துவிடும். அப்புறம் மாதாமாதம் ரத்தம் போகும், முட்டை வராது.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருவார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அதை வெறும்வயிற்றில் விழுங்கச் சொல்லுங்கள். குமட்டும், அடுத்த வாரம் பிள்ளையே ஓடைக்குள் எறிந்துவிடும். ஆகாரத்துக்குப் பிறகு போடச் சொன்னால் தொலைந்தோம். ஆறு மாதத்துக்கு ஒரு பூச்சிமாத்திரையும் உண்டு. அன்றைக்கு லீவு போடச் சொல்லிவிடுங்கள். தோப்பில் வெறுங்காலோடு நடந்து ஏறிய கொக்கிப்புழுவும் பிழைத்துப்போகட்டும்.

நாம் மட்டுமா செய்கிறோம் என்று கூச்சப்படவும் வேண்டாம். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டின் 15-19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சோகை.

படியேறினால் மூச்சு வாங்குகிறதா? சோம்பேறி என்று பெயர் வையுங்கள். படித்தது நிற்கவில்லையா? ஃபோனைக் குறை சொல்லுங்கள். ஹீமோகுளோபின் பார்க்கலாமே, 12-க்குக் கீழே போனால் சோகை என்பார்கள் என்று எந்த டீச்சராவது சொன்னால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிவிடுங்கள்.

பலன் கல்யாண வீடுகளில் தெரியும். அத்தைமார் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நல்லா நெறம் வச்சிருக்காளே" என்பார்கள். கீழிமையை இழுத்துப் பார்க்கிற வழக்கம் நம்ம பக்கத்து அத்தைமாருக்கு இன்னும் வரவில்லை.