கண்ணுக்கு ஒருவர், கணினிக்கு இருவர்

கேள்வி: பைத்தானில் பெயர்ப் பட்டியலை 'செட்'டில் போட்டு இரட்டிப்பை நீக்கினேன். கூடவே வரிசையும் கலைந்துவிட்டதே?

பதில்: செட்டிடம் போய் வரிசையைக் கேட்பது, மொய் எழுதுகிறவரிடம் பந்தியில் முதலில் உட்கார்ந்தது யார் என்று விசாரிப்பது மாதிரி. அது அவர் வேலையில்லை. 'டிக்ட்.ஃப்ரம்கீஸ்' போட்டு, வருவதை மறுபடி லிஸ்ட் ஆக்குங்கள். பைத்தான் 3.7 முதல் டிக்ஷனரி, நுழைந்த வரிசையை மறப்பதில்லை. ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். வெவ்வேறு பெயர்கள் 10,000 இருந்தால் ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடு! (கணினி பொறுத்துக்கொள்ளும். மேலாளர்?)

அப்படியும் 'கோபால்' இரண்டு முறை நிற்கிறாரா? யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். நமக்குத் திரையில் ஒரே கோபால்தான் தெரிவார். கணினிக்கு அவர்கள் இருவர். முதலில் எல்லாப் பெயர்களையும் பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் 'என்.எஃப்.சி.' வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு வடிகட்டுங்கள்.

அலுவலகத்தில் நிஜமாகவே இரண்டு கோபால்கள் இருந்தால், பணியாளர் எண்ணையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால், சம்பளப் பட்டியலில் விடுபட்ட கோபால் உங்களைத் தேடி வருவார்!