ஓர் உறையில் இரண்டு வாள்

ஓர் உறையில் இரண்டு வாள் தங்காது என்ற பழமொழியைப் பொய்யாக்கிய பெருமை எர்ணாகுளத்து வீட்டுக் கணினிகளையும் சாரும். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கு வழங்கிய லினக்ஸில் பாடம் பயிலும் பிள்ளையும், கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸை விட முடியாத தந்தையும், தகவல் சேமிப்பிடமாகிய வன்தட்டைப் பத்திரச் செலவின்றிப் பாகப்பிரிவினை செய்துகொள்கின்றனர்.

கணினியை இயக்கியதும் எழும் கறுப்புத் திரைப் பட்டியலுக்குக் கிரப் என்று பெயர். எந்த இயங்குதளம் வேண்டும் என்று சில விநாடி பணிவுடன் காத்திருந்து, பதில் வராவிட்டால் அது தானே முடிவெடுக்கும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்குப் பின் அப்பட்டியலே சில வேளை மறைந்துபோவது, பங்காளி இரவோடிரவாக வரப்பை நகர்த்தும் தொன்மையான நல்லுறவின் தொடர்ச்சியாகும்.

ஏற்பாட்டின் உச்சம் நேரக் கணக்கில் உள்ளது. தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்க, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமென்று நம்புவதால், நண்பகல் 12 மணிக்கு லினக்ஸை மூடி விண்டோஸைத் திறப்பவருக்குக் காலை 6.30 மணி தரிசனமாகிறது. காயகல்பம் தேடி மலையேறிய சித்தர்களுக்கும் கிட்டாத ஐந்தரை மணி நேர ஆயுள் லாபம் இது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1760-இல் எழுந்த மணிக்கூண்டோ, ஒரு முகத்தில் எபிரேய எண்களும் இன்னொன்றில் ரோமன் எண்களும் தாங்கியிருந்தும், எல்லாத் திசையினருக்கும் ஒரே நேரத்தைக் காட்டும் பிற்போக்குத்தனத்தோடு கட்டப்பட்டது. லினக்ஸில் ஒருவரிக் கட்டளை கொடுத்தால் கணினியும் அந்நிலைக்குத் தாழ்ந்துவிடும்.